2,000 ரூபாய்க்குள்ள ஐஇஎம் (காதுக்குள்ள சொருகுற இயர்போன்): மிருதங்கத்தோட தொப்பி எதுல ஒழுங்கா கேக்கும்?

செங்கல்பட்டு லோக்கல்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போவேன், கேள்வி கேக்குறது இதான் முதல் தடவை, கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க.

தினமும் செங்கல்பட்டுல எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி கிண்டில இறங்குறேன், போக ஒரு மணி நேரத்துக்கு மேல, வர அதே. வீட்ல கைக்குழந்தை இருக்கறதால நான் பாட்டு கேக்குறதுன்னா இந்த ட்ரெயின்லதான். கேக்குறது ரெண்டே வகை. ஒண்ணு கச்சேரி ரெக்கார்டிங், அதுலயும் மிருதங்கம் தனியா வாசிக்கிற தனி ஆவர்த்தனம்னா எனக்கு உயிர். இன்னொண்ணு 80கள்ல வந்த ராஜா பாட்டு. மூணு வருஷமா ஒரு ப்ளூடூத் நெக்பேண்ட் போட்டுட்டு இருந்தேன், போன மாசம் அதோட பேட்டரி படுத்துடுச்சு, சர்வீஸ்ல கொண்டு போனா "இதுக்கெல்லாம் பேட்டரி தனியா வராது சார், புதுசு வாங்கிக்கோங்க"ன்னு சொல்லிட்டாங்க. இனிமே பேட்டரி இருக்குற எதையும் காதுல மாட்டுறதில்லன்னு முடிவு பண்ணி வயர்டுக்கு வந்துட்டேன். போன்ல 3.5 ஜாக் கிடையாது, அதுக்கு ஜாக்கை சார்ஜர் ஓட்டைல சொருக ஒரு டைப்-சி டாங்கிள் வாங்கி வச்சிருக்கேன்.

வீட்ல பழைய கேஇசட் ஸெட்எஸ்என் ப்ரோ எக்ஸ் ஐஇஎம் ஒண்ணு இருக்கு, தம்பி காலேஜ்ல படிக்கும்போது வாங்கினது. ஆபீஸ் ஃப்ரெண்டு ஒருத்தர் தன்னோட மூன்ட்ராப் சூ 2 ரெண்டு நாளைக்கு குடுத்தார். யூட்யூப்ல யாரைப் பார்த்தாலும் சூ 2 சூ 2ன்னுதான் சொல்றாங்க, அதனால ரொம்ப ஆசையா மாட்டினேன். குரல் சுத்தமா இருக்கு, வயலின் வில்லு இழுக்குறது கூட தெரியுது, ஆனா மிருதங்கத்துல வலது பக்க வலந்தலை மட்டும் டக்கு டக்குன்னு கேக்குது, இடது பக்கம், அதான் தொப்பி, அடிக்கிற அந்த கனமே இல்ல, யாரோ மரப்பலகைல தட்டுற மாதிரி இருக்கு. அதே ட்ராக்கை கேஇசட்ல போட்டா தொப்பி தும் தும்னு நல்லா வருது, ஆனா பாடுறவங்க "ஸ", "ஷ" சொல்லும்போதெல்லாம் காதுல ஊசி குத்துற மாதிரி இருக்கு.

இப்ப பட்ஜெட் 2,000, கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் பரவால்ல. லிஸ்ட்ல சூ 2, 7ஹெர்ட்ஸ் ஜீரோ 2, டாங்ஸூ வான்எர் மூணும் இருக்கு. மூணையும் கேட்டவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. எல்லாரும் கொண்டாடுற ஒரு பொருள் எனக்கு மட்டும் ஏன் இப்படி சப்புன்னு கேக்குது, என் காதுல கோளாறா?


வயர் போதும்:

வாங்க ப்ரோ. மூணும் என்கிட்ட இருக்கு, ஒண்ணு வாங்கி அடுத்தது வாங்கின்னு ரெண்டு வருஷமா சேர்ந்தது. நீங்க சொன்ன மாதிரியே ராஜா பாட்டுதான் எனக்கும் அளவுகோல், ஏன்னா அந்த பாட்டுகள்ல பேஸ் கிட்டார் சும்மா தாளத்துக்கு துணையா நிக்காது, குரலுக்குக் கீழ அதுபாட்டுக்கு இன்னொரு மெட்டு பாடிட்டே போகும். மலிவான ஹெட்போன்ல அந்த மெட்டு ஒரு மங்கலான உறுமலா மட்டும் கேக்கும், ஒரு சுரத்துல இருந்து அடுத்த சுரத்துக்கு விரல் நகர்றது தெரியாது. அது தெரிஞ்சா எனக்கு அந்த ஐஇஎம் பாஸ்.

சூ 2 முதல்ல. உடம்பு மெட்டல், சின்னது, கைல வச்சா கனமா இருக்கும், காதுல மாட்டின அப்புறம் தெரியாது. குரலும் வயலினும் முன்னாடி வந்து நிக்கும். பேஸ் அளவா இருக்கும், இல்லாம இல்ல. நீங்க மரப்பலகைன்னு சொல்றது எனக்கு ஆச்சரியமா இருக்கு, என்கிட்ட இருக்குறதுல தொப்பி நல்லாவே கேக்குது, அதனால உங்க கேஸ்ல வேற ஏதோ விஷயம் இருக்கு, இதைப் பத்தி தெரிஞ்சவங்க கீழ சொல்வாங்க.

ஜீரோ 2 கொஞ்சம் பெரிய உடம்பு, ஆனா எடை ரொம்ப கம்மி. 2023ல வந்தது, சிங்கப்பூர்ல இருந்து ஐஇஎம் ரிவ்யூ பண்றாரே கிரினக்கிள், அவர் ட்யூனிங்ல, அதாவது பேஸ், குரல் எல்லாம் எவ்ளோ வரணும்னு அமைக்கிறதுல, கூட இருந்தார். முதல் ஜீரோல பேஸ் பத்தலைன்னு நிறைய பேர் சொன்னதுக்கு பதில் இதுல குடுத்திருக்காங்க, அடி பேஸ் நல்லாவே ஏத்தியிருக்கு, ஆனா அது மேல ஏறி குரலை மூடாது. ராஜா பாட்டோட பேஸ் கிட்டார் மூணுல இதுலதான் எனக்கு ஜாஸ்தி பிடிச்சது. 90கள்ல சவுண்டு இன்ஜினியர் எச். ஸ்ரீதர் மிக்ஸ் பண்ண ரஹ்மான் பாட்டுகளும் இதுல நல்லா இருக்கும், பின்னாடி ஒரு மூலைல சின்னதா ஒரு கிலுகிலுப்பை சத்தம் வச்சிருப்பார், அது தன் இடத்துலயே இருந்து கேக்கும்.

வான்எர், இதோட முழுப்பேர் வான்எர் எஸ்ஜி, எஸ்ஜின்னா ஷாங்குவான், சீனால டாங் வம்ச காலத்து பெண் கவிஞரோட பேர், டப்பால கூட ஒரு பொண்ணு படம் போட்டிருப்பாங்க. சவுண்டு வெதுவெதுன்னு இருக்கும். குரல் கொஞ்சம் தடிமனா, பக்கத்துல உக்காந்து பாடுற மாதிரி. மேல் பக்கம் குத்தவே குத்தாது, ஆனா ஜால்ரா, சிம்பல் மாதிரி சத்தம் கொஞ்சம் சீக்கிரமே அடங்கிடும்.

ஒரு முக்கியமான விஷயம், கேஇசட்டையும் சூ 2வையும் ஒரே வால்யூம் படில வச்சு கேட்டீங்களா? கேஇசட் அதே படில ஜாஸ்தி சத்தமா கேக்கும். சத்தம் கொஞ்சம் கூடினாலே நம்ம மூளை அதை நல்ல சவுண்டுன்னு எடுத்துக்கும், பேஸ் கூடின மாதிரியும் தோணும், ஒரு டெசிபல் வித்தியாசம் போதும். நான் எப்படி பண்றேன்னா, போன்ல 500 ஹெர்ட்ஸ் டோன் போட்டு ரெண்டையும் மாத்தி மாத்தி மாட்டி ஒரே சத்தம் வர்ற வரைக்கும் வால்யூமை நகர்த்தி, அந்த ரெண்டு அளவையும் எழுதி வச்சுக்கிட்டு அப்புறம்தான் பாட்டுக்கே போவேன். நிறைய ஆண்ட்ராய்டு போன்ல மொத்தமே 15 படிதான், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவுல நிறைய இடைவெளி, அதனால ப்ளேயர் ஆப்குள்ள இருக்குற வால்யூமை வச்சு பண்ணுங்க. பத்து நிமிஷ வேலைதான், ஆனா இதைப் பண்ணாம ரெண்டு ஐஇஎம்மை ஒப்பிட்டுப் பேசவே முடியாது.

ட்ரெயினுக்குன்னா என் ஓட்டு ஜீரோ 2.


தம்புரா சுருதி:

மிருதங்கம்னு தலைப்பைப் பார்த்ததும் உள்ள வந்துட்டேன். நான் பாட்டு டீச்சர், எங்க வீட்டுக்காரர் மிருதங்கம் வாசிக்கிறவர், அதனால இந்த வாத்தியத்தை ரெண்டடி தூரத்துல உக்காந்து தினமும் கேக்குறேன். அந்த சத்தத்தை வச்சு சொல்றேன் தம்பி.

தொப்பின்னா சும்மா தும்முன்னு ஒரு பேஸ் இல்ல. வாசிக்க உக்கார்றதுக்கு முன்னாடி ரவையைத் தண்ணி விட்டு பிசைஞ்சு இடது பக்கம் நடுவுல அப்புவாங்க, கச்சேரி முடிஞ்சதும் சுரண்டி எடுத்துடுவாங்க. கொஞ்சம் ரவை கூட வச்சா சத்தம் இறங்கும், எடுத்தா ஏறும், அப்படி நுணுக்கமா சேர்த்த சத்தம் அது. கும்கி போடும்போது உள்ளங்கையோட அடிப்பக்கத்தை தோல் மேல அழுத்தி நகர்த்துவாங்க, சத்தம் கீழ இருந்து மேல வழுக்கிட்டு ஏறும், புறா குமுறுற மாதிரி. ஐஇஎம் நல்லதா இல்லையான்னு பார்க்க எனக்கு அது ஒண்ணு போதும். ஏறுறது தெரியணும், எங்க ஆரம்பிச்சு எங்க முடிஞ்சதுன்னு நாம வாயால பாடிக் காட்டுற அளவுக்குத் தெரியணும். பேஸை அதிகமா தள்ளி வச்சிருக்குற செட்ல கும்கி எல்லாம் ஒரே "டொம்"தான், கனமா இருக்கும், ஏற்றம் இருக்காது. உங்க கேஇசட்ல வர்ற தும் தும்மை இன்னொரு தடவை கவனிச்சுக் கேட்டுப் பாருங்க, கனம் இருக்கு சரி, கும்கி வழுக்குறது இருக்கா?

வலந்தலைக்கும் ஒண்ணு சொல்லணும். நடுவுல கருப்பா வட்டமா இருக்குமே, அந்த கனம் தோல் மேல இருக்கறதாலதான் அதோட மேல்சுரங்கள் எல்லாம் ஒழுங்கு வரிசைல வந்து ஒரு சுருதியா நிக்குது, சாதாரண ட்ரம்ல அப்படி வராது. 1920லயே சி.வி. ராமன் நேச்சர் இதழ்ல இதைப் பத்தி எழுதியிருக்கார். அதனால மீட்டு, சாப்புங்கற அடிகளை வாசிக்கும்போது அடிச்ச சத்தத்துக்கு அப்புறம் ஒரு ரீங்காரம் சுருதியோட கொஞ்ச நேரம் நிக்கும், அதுதான் வாத்தியத்தோட அழகே. மேல் பக்கத்தை மழுங்கடிச்ச ஐஇஎம்ல அடி மட்டும் கேக்கும், ரீங்காரம் போயிடும்.

எங்கிட்ட சூ 2வும் வான்எரும் இருக்கு, ஜீரோ 2 கேட்டதில்ல. தம்புரால தந்திக்கு அடியில ஒரு நூல் வைப்போம், அது சரியான இடத்துல உக்காந்தாதான் தந்தி பேசும், மேல ஒரு ஜிலுஜிலுப்பு எழும்பும். அந்த ஜிலுஜிலுப்பு சூ 2ல அப்படியே இருக்கு, வான்எர்ல பாதிதான். ஆனா பழைய கச்சேரி, யாரோ சபால கேசட்ல பிடிச்சு பின்னாடி கம்ப்யூட்டர்ல ஏத்தின ரெக்கார்டிங்னா நான் வான்எர்தான் எடுப்பேன். அந்த டேப்போட "ஸ்ஸ்ஸ்" இரைச்சல் சூ 2ல பாட்டுக்கு சமமா முன்னாடி வந்து நிக்குது, அரை மணி நேரத்துல தலைவலி வந்துடும். வான்எர் அதைப் பின்னாடி தள்ளி குரலைக் கைல குடுக்குது. நீங்க கேக்குறது புது ரெக்கார்டிங்கா பழசா, அதைச் சொல்லுங்க, பதில் அதைப் பொறுத்துத்தான்.


காது குழாய்:

ரெண்டு பேரும் சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல, ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டாகணும். சூ 2ல எந்த சைஸ் டிப், அதாவது காதுக்குள்ள போற ரப்பர் முனை, போட்டிருந்தீங்க?

நீங்க சொன்ன "வலந்தலை மட்டும் கேக்குது, தொப்பி இல்ல, மரப்பலகை மாதிரி இருக்கு", இது அப்படியே காத்து லீக் ஆகுற அறிகுறி. ஐஇஎம்ல சத்தத்தை உண்டாக்குறது உள்ள இருக்குற 10 மில்லிமீட்டர் ட்ரைவர், அவ்ளோ சின்னதுக்கு பேஸ் எங்க இருந்து வருதுன்னா, காதுக்குள்ள அடைபட்டிருக்குற அந்தத் துளி காத்தை அமுக்கி அமுக்கித்தான் வருது. ஒரு முடி அளவு இடைவெளி இருந்தாலும் கீழ் பேஸ் வெளிய போயிடும், குரலும் மேல் பக்கமும் அப்படியே இருக்கும். இன்னொருத்தர் காதுக்கு போட்ட டிப்போட வாங்கி மாட்டியிருக்கீங்க, அதனால 100க்கு 90 இதுதான்.

சோதிக்கிறது ரொம்ப சுலபம். பாட்டு ஓடும்போது ஐஇஎம்மை விரலால லேசா உள்ள அழுத்துங்க, பேஸ் திடீர்னு ஏறிச்சுன்னா சீல் இல்ல, காத்து வெளிய போகுதுன்னு அர்த்தம். அழுத்தினாலும் மாத்தம் இல்லன்னா சரியா உக்காந்திருக்கு. மாட்டும்போது இன்னொரு கையை தலைக்குப் பின்னாடி கொண்டு போய் காதை மேலயும் பின்னாலயும் இழுத்துப் பிடிச்சு, வாயைத் திறந்துக்கிட்டு மாட்டுங்க, காதுக் குழாய் நேராகி டிப் நல்லா உள்ள உக்காரும். ரெண்டு காதும் ஒரே அளவா இருக்கணும்னு சட்டம் இல்ல, எனக்கு இடது பக்கம் லார்ஜ், வலது பக்கம் மீடியம். இது தெரியாம நாலு வருஷம் ஒவ்வொரு ஹெட்போன்லயும் பாடுறவங்க கொஞ்சம் வலது பக்கமா நிக்கிறாங்கன்னு நினைச்சிட்டிருந்தேன்.

டிப்பே சவுண்டை மாத்தும்ங்கறதையும் சொல்லிடறேன். வாய் அகலமான டிப்னா மேல் பக்கம் திறந்த மாதிரி இருக்கும், குறுகலானதுன்னா பேஸ் கொஞ்சம் கூடின மாதிரி இருக்கும், ஃபோம் டிப் போட்டா மேல் பக்கம் கொஞ்சம் மழுங்கும், உங்க கேஇசட்டோட ஊசிக்கு அதையே மருந்தா பயன்படுத்தலாம். ஜீரோ 2வோட நாசில், அதாவது டிப் மாட்டுற மூக்கு, கொஞ்சம் தடி, சின்ன காதுக்காரங்களுக்கு உறுத்தலாம், யாரும் இதைச் சொல்றதில்ல.

எந்த சுருதி எவ்ளோ சத்தமா வருதுன்னு அளந்து போடுற கிராஃப் பார்க்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா ஐஇஎம் கிராஃப்லயும் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மலை இருக்குமே, அதைப் பார்த்து "ஐயோ கத்தும் போல"ன்னு பயப்படாதீங்க. நம்ம காதுக் குழாய் ரெண்டரை சென்டிமீட்டர் நீளம், ஒரு பக்கம் மூடின குழாய், அது இயற்கையாவே 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல ரீங்காரம் பண்ணும், பொறந்ததுல இருந்து உலகத்தையே நாம அப்படித்தான் கேக்குறோம். ஐஇஎம் வந்து குழாயை அடைச்சதும் அந்த ரீங்காரம் போயிடும், அதனால போனதைத் திருப்பி ட்யூனிங்ல வைக்கிறாங்க. எவ்ளோ வைக்கணும்ங்கறதுக்குத்தான் ஆராய்ச்சியாளர் ஷான் ஓலிவும் அவர் கூட இருந்தவங்களும் ஹார்மன் ஆடியோ கம்பெனில நிறைய பேரைக் கேக்க வச்சு ஒரு டார்கெட், அதாவது இப்படி இருந்தா நல்லதுன்னு ஒரு கோடு, போட்டாங்க. அது நிறைய பேருக்குப் பிடிச்சதோட சராசரி, உங்க காது அந்த சராசரியா இருக்கணும்னு இல்ல.


வயர் போதும்:

டிப் விஷயம் எனக்குத் தோணாம போச்சு, சரியா பிடிச்சீங்க. ஆனா கிராஃப்ல எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கு. ரெண்டு ஐஇஎம்மோட கிராஃப் கிட்டத்தட்ட ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருந்தும் எனக்கு ரெண்டும் வேற மாதிரி கேட்டிருக்கு, மேல் பக்கத்துல நல்ல வித்தியாசம். கிராஃபை மட்டும் நம்பி வாங்கி ஒரு தடவை காசு போச்சு. கேட்டுட்டு வாங்கணும்ங்கறதுதான் என் கட்சி.


காது குழாய்:

மேல் பக்கத்துலதான் வித்தியாசம் கேட்டதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, காரணமும் அதுலயே இருக்கு. கிராஃபுக்கு அளவு எல்லாம் காதுக்கு பதிலா ஒரு உலோகக் குழாய்ல எடுக்குறது. 8 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல கிராஃப்ல தெரியுற மேடு பாதி நேரம் அந்த அளவுக்குழாயோட ரீங்காரம், ஐஇஎம் எவ்ளோ உள்ள போயிருக்குங்கறதைப் பொறுத்து அது நகரும். உங்க காதுல ஆழம் வேற, மேடு வேற இடத்துல வரும். அதனால நான் பேஸ்ல இருந்து ஒரு 5, 6 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் கிராஃபை நம்புவேன், அதுக்கு மேல காதைத்தான் நம்புவேன். கேட்டுட்டு வாங்கறது நல்லதுதான், சென்னைல இருக்குறவங்களுக்காவது ஹெட்போன் விக்கிற ஹெட்போன் ஸோன் கம்பெனி இந்த ஊர்லயே இருக்கு, மத்த ஊர்க்காரங்க ஆயிரத்தி ஐநூறு ரூபாய் பொருளுக்காக எங்க போய் கேப்பாங்க? அவங்களுக்கு கிராஃப்தான் இருக்குற ஒரே வழி.


செங்கல்பட்டு லோக்கல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி குழந்தை தூங்கின அப்புறம் உக்காந்து எல்லாத்தையும் செஞ்சு பார்த்தேன், ஒண்ணு விடாம எழுதுறேன்.

முதல்ல விரலால அழுத்துற சோதனை. இடது பக்கம் அழுத்தினதும் தொப்பி உள்ள வந்து விழுந்தது, நிஜமாவே விழுந்த மாதிரிதான் இருந்தது, எடுத்ததும் போயிடுச்சு. வலது பக்கம் கொஞ்சம்தான் மாத்தம். ஃப்ரெண்டு ஸ்மால் டிப் போட்டு வச்சிருந்தார். கேஇசட் டப்பால தேடி இடதுக்கு லார்ஜ், வலதுக்கு மீடியம் எடுத்து மாட்டினேன், காதை இழுத்துப் பிடிச்சு வாயைத் திறந்து எல்லாம் பண்ணினேன். மாட்டினதும் சுவர் கடிகார சத்தம் நின்னுடுச்சு, அப்பவே தெரிஞ்சுது.

அப்புறம் 500 ஹெர்ட்ஸ் டோன். கேஇசட்டை ரெண்டு படி குறைச்சாத்தான் சூ 2வுக்கு சமமா வருது! இத்தனை நாளா ரெண்டு படி கூட சத்தம் வச்சு ஒப்பிட்டிருக்கேன்.

அதுக்கு அப்புறம் தனி ஆவர்த்தனம் போட்டேன். அக்கா சொன்ன கும்கியைத் தேடினேன். கேஇசட்ல தொப்பி இருக்கு, கனமா இருக்கு, ஆனா ஒவ்வொரு கும்கியும் ஒரே இடத்துல ஆரம்பிச்சு அதே இடத்துல முடியுது. சூ 2ல வழுக்கிட்டு ஏறுறது கேக்குது, ஒரு இடத்துல மூணு கும்கி அடுத்தடுத்து வருது, மூணும் மூணு உயரத்துக்கு ஏறுது. இந்த ட்ராக்கை நான் 50 தடவையாவது கேட்டிருப்பேன், மூணும் ஒண்ணுன்னுதான் நினைச்சிருந்தேன். ரீவைண்ட் பண்ணி பண்ணி கேட்டு மணி ஒண்ணாயிடுச்சு.

இன்னைக்கு காலைல ட்ரெயின்ல போட்டேன், அங்கதான் சிக்கல். பரனூர் தாண்டி வேகம் எடுத்ததும் தொப்பி திரும்பவும் பாதி காணாம போச்சு. சீல் இருக்கு, அழுத்தினாலும் மாத்தம் இல்ல. வால்யூமை ஏத்தினா குரல் கத்துது. இதுக்கு என்ன பண்றது?

அக்கா கேட்டதுக்கு, என்கிட்ட இருக்குற கச்சேரி பெரும்பாலும் புதுசு, பழைய கேசட் ரெக்கார்டிங் ஒரு பத்து இருக்கும்.


காது குழாய்:

ட்ரெயின் இரைச்சல்ல முக்கால்வாசி கீழ் பேஸ். சிலிகான் டிப் மேல் பக்க சத்தத்தை நல்லா அடைக்கும், பேச்சு, ஃபேன் காத்து, விக்கிறவங்க குரல் எல்லாம் குறையும், ஆனா தண்டவாளத்தோட கடகடப்பு உள்ள வந்துடும், அது உங்க தொப்பி இருக்குற அதே இடத்துல உக்காந்து அதை மூடிடும். அதனாலதான் வீட்ல சரியா இருக்குற பேஸ் ட்ரெயின்ல பத்தாம போகுது. வால்யூமை ஏத்தாதீங்க, ஏத்தினா எல்லாமே சேர்ந்து ஏறும். பேஸை மட்டும் ஏத்துங்க.

பவர்ஆம்ப் ஈக்வலைசர் மாதிரி ஏதாச்சும் ஒரு ஆப் போட்டு, லோ ஷெல்ஃப்னு இருக்கும், அது கீழ் பக்கத்தை மட்டும் ஏத்துறது, 100 ஹெர்ட்ஸ் பக்கத்துல வச்சு 4 டெசிபல் ஏத்துங்க. மறக்காம மொத்த அளவைக் குறைக்கிற ப்ரீஆம்ப்பை மைனஸ் 4 வைங்க, இல்லன்னா உரத்த இடத்துல சவுண்டு பிசிறடிக்கும். இதை ட்ரெயின்னு பேர் போட்டு சேவ் பண்ணிக்கோங்க, வீட்டுக்கு வந்ததும் ஆஃப். வயர் போதும் சொன்ன ஜீரோ 2ல இந்த பேஸ் ஏற்கனவே ட்யூனிங்லயே இருக்கு, அதனாலதான் அவருக்கு அது ட்ரெயினுக்குப் பிடிக்குது. சூ 2 கைல இருக்கும்போது இன்னொண்ணு வாங்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.


தம்புரா சுருதி:

மூணு கும்கியும் மூணு உயரம்னு எழுதினீங்களே, அதை வீட்டுக்காரருக்கு படிச்சுக் காட்டினேன், அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அதுக்காகத்தான் வாசிக்கிறவங்க மணிக்கணக்கா உக்காந்து சாதகம் பண்றாங்க.

ட்ரெயின்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல தினமும் கேக்குறீங்க, அதனால இதையும் சொல்லிடறேன். பெரியவங்களுக்கு 80 டெசிபல் அளவுல வாரத்துக்கு 40 மணி நேரம், அதுதான் உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்குற எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் ஏத்தும்போதும் அந்த நேரம் பாதியா குறையும். எங்கிட்ட பாட்டு கத்துக்க வர்ற பிள்ளைங்கள்ல ரெண்டு பேருக்கு மேல் சுருதி இப்பவே சரியா கேக்கல, ரெண்டு பேருமே பஸ்ல முழு வால்யூம் வச்சு கேக்குறவங்க. டிப்பை நல்லா உக்கார வச்சாலே வால்யூமைக் குறைக்க முடியும், அதுக்காகவாவது சீலைப் பார்த்துக்கோங்க தம்பி.


கோவை பிக்சல்:

நடுவுல வர்றதுக்கு மன்னிச்சுக்கோங்க, சவுண்டு பத்தி எல்லாரும் நல்லா சொல்லிட்டீங்க, நான் பொருள் உழைக்கிறது பத்தி ரெண்டு விஷயம் சொல்லிட்டுப் போறனுங்க.

என்னோட ஐஇஎம் ஒண்ணு, எந்த பிராண்டுன்னு வேண்டாம், எட்டு மாசத்துல வலது பக்கம் சத்தம் பாதியா குறைஞ்சு போச்சுங்க. கேபிள்னு நினைச்சு கேபிள் மாத்தினேன், டாங்கிள்னு நினைச்சு டாங்கிள் மாத்தினேன், ஒண்ணும் ஆகல. கடைசில டிப்பைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பார்த்தா நாசில் வாய்ல இருக்குற வலைல மெழுகு மாதிரி காதழுக்கு ஒட்டி, பாதி ஓட்டை அடைஞ்சிருந்துச்சு. வலை கீழ பார்க்குற மாதிரி தலைகீழா பிடிச்சுக்கிட்டு மெத்துன்னு இருக்குற காஞ்ச ப்ரஷ்ல மெதுவா தட்டி எடுத்தேன், சத்தம் திரும்பி வந்துடுச்சு. மேல பார்க்க வச்சு தேய்ச்சா அழுக்கு உள்ள போயி ட்ரைவர் மேலயே உக்காந்துக்கும், அப்படி மட்டும் செஞ்சுறாதீங்க. சூ 2ல அந்த நாசிலையே திருகிக் கழட்டி வேற போட முடியும், இந்த விலைல அது பெரிய வசதிங்க.

கேபிள் பத்தி. சூ 2, ஜீரோ 2, வான்எர் மூணுலயும் கேபிளைக் கழட்டலாம், மாட்டுற முனை 0.78 மில்லிமீட்டர் 2-பின். கேஇசட் கேபிள்ல பின்னைச் சுத்தி ஒரு கூடு இருக்கும், அதை இதுல போட முயற்சி பண்ணாதீங்க. கழட்டும்போது ஒயரைப் பிடிச்சு இழுக்காம ப்ளக்கைப் பிடிச்சு நேரா இழுக்கோணும். சட்டைல ஒயர் உரசினா காதுக்குள்ள கரகரன்னு கேக்கும், காதுக்கு மேல சுத்திப் போட்டு, கழுத்துக்குக் கீழ இருக்குற சின்ன ஸ்லைடரை மேல ஏத்தி விட்டா அது நின்னுரும். ட்ரெயின்ல வேர்வைல போட்டுட்டு அப்படியே டப்பால மூடி வைக்காதீங்க, துடைச்சுட்டு ஒரு கால் மணி நேரம் வெளிய வச்சுட்டு எடுத்து வைங்க.


செங்கல்பட்டு லோக்கல்:

லோ ஷெல்ஃப் 100, ஏத்தினது 4, ப்ரீஆம்ப் மைனஸ் 4. நேத்தும் இன்னைக்கும் ட்ரெயின்ல கேட்டேன். வால்யூம் முன்னாடி 11ல இருக்கும், இப்ப 8. பெருங்களத்தூர் தாண்டி தாம்பரத்துக்குள்ள நுழையும்போது தண்டவாளம் மாறுற சத்தம் பயங்கரமா இருக்கும், அந்த ஒரு நிமிஷம் தவிர மத்த நேரமெல்லாம் தொப்பி நிக்குது. 5 டெசிபலும் போட்டுப் பார்த்தேன், கும்கி திரும்பவும் டொம்முன்னு ஆகுற மாதிரி இருந்தது, 4தான் சரி.

ஃப்ரெண்டுகிட்ட விஷயத்தைச் சொன்னேன், அவர் தான் ஜீரோ 2 வாங்கிக்கப் போறதா சொல்லி இந்த சூ 2வை எனக்கு ஆயிரம் ரூபாய்க்கு குடுத்துட்டார். மிச்ச ஆயிரத்துல பழைய கேசட் ரெக்கார்டிங்குக்காக வான்எர் வாங்க பத்தாது, அதை அடுத்த மாச சம்பளத்துல பார்த்துக்கறேன், இப்போதைக்கு லார்ஜ் டிப் மட்டும் நாலு ஜோடி ஆர்டர் போட்டிருக்கேன்.

அக்கா, இன்னைக்கு சாயங்காலம் வேற ஒரு கச்சேரி போட்டேன், இதுல மிருதங்கம் இடது பக்கத்துல இருந்தும் வயலின் வலது பக்கத்துல இருந்தும் கேக்குது. தொப்பியோட கும்கி மட்டும் கொஞ்சம் நடுவுல தள்ளிக் கேக்குதே, அது என் இடது டிப் இன்னும் சரியா உக்காராததாலயா, இல்ல மைக் வச்ச விதமா?


தம்புரா சுருதி:

மைக் வச்ச விதம்தான். மிருதங்கத்துக்கு ரெண்டு மைக் வைப்பாங்க, வலந்தலைக்கு ஒண்ணு, தொப்பிக்கு ஒண்ணு, மிக்ஸ் பண்ணும்போது தொப்பியைக் கொஞ்சம் நடுவுக்குக் கொண்டு வந்திருப்பாங்க. உங்க டிப் சரியா இருக்கு தம்பி, நிம்மதியா கேளுங்க.